மூன்றாவது மீனின் முதுகு

ஆல்டன் குவின்ட் பேனாக்கத்தியைப் பலகையின் விளிம்பில் செருகி ஒரு நெம்பு நெம்பினார். மேஜை மேல் மஞ்சள் தூள் பொலபொலவென்று கொட்டியது.

"பாத்தீங்களா? நூத்தம்பது வருஷத்து ஓக் மரம்! கேக்கு மாதிரி உதிருது!"

"கேக்குதானான்னு வேணா நான் தின்னு பாத்துச் சொல்லட்டுமா?" என்றாள் மார்னி.

"மார்னி," என்றார் கார்வின் ப்ளூம், குனிந்த தலையை நிமிர்த்தாமலே.

அவர் அப்படிப் பெயரை மட்டும் சொன்னால் வாயை மூடு என்று அர்த்தம். இரண்டு வருடமாக அவருக்கு உதவியாளராக இருக்கிற மார்னி டிபெட்ஸ் அதற்கு ஒரு தடவைகூட அடங்கியதில்லை. அதற்கு முன் அவள் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். நாற்பது பிள்ளைகளின் கூச்சலுக்கு மேல் கத்திப் பழகிய தொண்டை, ஒரு பெரியவரின் முணுமுணுப்புக்கா அடங்கும்? கார்வினோ முப்பது வருடம் காப்பீட்டுக் கம்பெனிக்காக எரிந்த களஞ்சியங்களையும் மூழ்கிய படகுகளையும் மோந்து பார்த்தவர். ஓய்வு பெற்றதும் வீட்டில் சும்மா உட்கார முடியாமல் துப்பறிய வந்துவிட்டார்.

விஷயம் இதுதான். பெர்ச் ஹார்பர் என்ற ஏரிக்கரை ஊரின் பழைய 'மூன்று மீன் விடுதி' இப்போது ஊர் வரலாற்றுச் சங்கத்தின் கட்டடம். அதன் நெற்றியில் தொங்கிய பலகை, ஊர் பிறந்த காலத்தில் யாரோ கையால் செதுக்கியது. மேலே விடுதியின் பெயர், கீழே ஒன்றன்பின் ஒன்றாக நீந்தும் மூன்று மீன்கள். ஏரிக்காற்றில் அது இனியும் வாடவேண்டாம், கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு வெளியே ஒரு நகலை மாட்டலாம் என்று சங்கம் முடிவு செய்தது. வேலை வெல்டா ஹாஸிடம் போனது.

வெல்டாவின் தொழிலே அதுதான். கெட்டி ஃபோம் பாளத்தை மெஷினில் படுக்கவைப்பாள். கம்ப்யூட்டர் சொல்கிறபடி சுழலும் வெட்டுமுனை அங்குமிங்கும் ஓடி எழுத்தையும் உருவத்தையும் மரத்தின் ரேகையையும்கூடக் குடைந்தெடுக்கும். பெயின்ட் அடித்துவிட்டால், தூக்கிப் பார்த்தவனால்தான் இது மரம் இல்லை என்று சொல்லமுடியும். ஏரிக்கரையில் பாதிக் கடைகளின் பெயர் அவள் மெஷினிலிருந்து வந்ததுதான்.

அசலையும் நகலையும் அவள் திருப்பிக் கொடுத்தாள். நகல் வாசலில் ஏறியது. அசலைப் பெட்டிக்குள் மாட்ட, சங்கத்தார் ஆறு பேர் பார்த்திருக்கத் துளை போட்டார்கள். வந்தது மரத்தூள் இல்லை, மஞ்சள் தூள். அதுவும் ஃபோம்! "வெல்டா அசலை அமுக்கிட்டு ரெண்டு நகலைத் தள்ளிட்டா!" என்று சங்கத் தலைவர் ஆல்டன் குவின்ட் அங்கேயே கூவினார். பழம்பொருள் வாங்குகிறவர்கள் அந்த ஓக் பலகைக்கு ஒரு வீட்டின் விலை கொடுப்பார்கள் என்பது ஊருக்கே தெரியும். மூன்று வாரமாக ஷெரிஃப் வெல்டாவைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு விசாரித்தார்; 'எனக்கு ஒண்ணும் தெரியாது' என்றே அவள் சொன்னாள். கொடுத்த வேலைகளை எல்லாரும் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். இன்று மாலை நாலு மணிக்கு வழக்குப் பதிவு.

கார்வினைக் கூப்பிட்டது வெல்டா இல்லை, அவள் தங்கை. "அவ எனக்கு யாரும் வேணாம்கிறா சார். நீங்க அதையெல்லாம் காதுல போட்டுக்காதீங்க," என்று ஃபோனில் அழுதிருந்தாள்.

கார்வின் பலகையைக் குப்புறப் போட்டார். பின்பக்கத்தில் கொக்கி இருந்த இடத்திலிருந்து துரு வழிந்து, ஒரு சாண் நீளத்துக்குப் பழுப்புக் கோடாக இறங்கியிருந்தது. நடுவில் மேலிருந்து கீழாக மயிரிழை மாதிரி ஒரு ஒட்டு. மூலையில், கட்டைவிரல் அகலத்துக்கு மட்டும் பெயின்ட் புதுசாக மின்னியது.

"நகல் செய்யணும்னு சொன்னது யாரு?" என்று கேட்டார்.

"ஓட்டெடுப்பு. அஞ்சுக்கு ஒண்ணு," என்றார் ஆல்டன்.

"அந்த ஒண்ணு?"

ஆல்டன் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். அகல விளிம்புத் தொப்பி, அதில் செருகிய நெட்டைச் சிறகு. கட்டடத்துக்குள்ளும் அதைக் கழற்றமாட்டார். "நான்தான். அசல் இருந்த எடத்துலயே இருக்கட்டும்னேன். எவன் கேட்டான்?"

"வெல்டாகிட்ட குடுக்கறதுக்கு முன்னால கடைசியா இதைக் கீழே இறக்கினது எப்போ?"

"எட்டு வருஷம் ஆச்சு. மெருகு போடறதுக்காக நானே என் கையால இறக்கி, நானே மாட்டினேன். எல்லாம் என் புத்தகத்துல இருக்கு." மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்து மார்னி கையில் திணித்தார். அட்டையில் பலகையின் புகைப்படம். "பன்னெண்டு வருஷம் முன்னால எழுதினது. ஃபோட்டோவும் நானே ஏணி மேல ஏறி எடுத்தது. ரெண்டாவது பதிப்புல மெருகு போட்டதையும் சேர்த்திருக்கேன்."

"ரெண்டாவது பதிப்பா? அப்ப முதல் பதிப்பு வித்துப்போச்சா?"

"வெள்ளத்துல போச்சு," என்றார் ஆல்டன் விறைப்பாக.

வெளியே வந்து மார்னி அண்ணாந்து வாசலில் தொங்கிய நகலைப் பார்த்தாள். "பாஸ், மூணாவது மீனுக்கு முதுகுல ஏதோ வியாதி. அப்படியே உள்ள வாங்கியிருக்கு. உள்ள இருந்ததுலயும் அதே மாதிரிதான்."

"மீன் வைத்தியம் அப்புறம். வண்டியை எடு. ஒரே ஒரு நூல்தான் கையில இருக்கு, நடுவுல இருக்கிற ஒட்டு. அதைப் பிடிச்சுக்கிட்டுப் போவோம்."

"ஒட்டைப் பிடிச்சா கையில ஒட்டிக்காதா?"

வண்டியில் ஏறும்போது கார்வினின் மீசை லேசாக அசைந்ததை மார்னி பார்த்துவிட்டாள். ஒரு மீசை அசைவு என்றால் அவளுக்கு அரை நாள் சம்பளம் கிடைத்த மாதிரி.

வெல்டாவின் பட்டறை படகுத்துறைக்குப் பின்னால் இருந்தது. உள்ளே தரை, ஜன்னல் விளிம்பு, காபிக் கோப்பை எல்லாவற்றின் மேலும் மஞ்சள் தூள் மெல்லிசாகப் படிந்திருந்தது. நடுவில் ஒரு கட்டில் அகலத்துக்கு மெஷின் ஓய்ந்து கிடந்தது. வெல்டா அறுபதைத் தொட்ட, தோள் அகன்ற பெண். பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டே திரும்பிப் பார்த்தாள்.

"என் தங்கச்சி அனுப்பின ஆளுங்களா? கதவு வந்த வழியிலயே இருக்கு."

"போயிடறோம். ஒரு கேள்விதான்," என்றார் கார்வின். "உங்க மெஷின் எவ்வளவு நீளம் வெட்டும்?"

"எட்டடி."

"அந்தப் பலகை அஞ்சடிதானே? ஒரே துண்டா வெட்டியிருக்கலாமே. நடுவுல ஒட்டு எதுக்கு?"

வெல்டாவின் கையில் பிரஷ் நின்றது. குழாய் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"வாசல்ல தொங்கற நகல்ல ஒட்டு இல்ல. அது உங்க வேலை. உள்ள இருக்கறதுல இருக்கு. அப்ப அது சின்ன மெஷின்ல ரெண்டு பாதியா வெட்டி ஒட்டினது. இந்த ஊர்ல சின்ன மெஷின் யார்கிட்ட இருக்கு?"

"யார்கிட்டயும் இல்ல."

"இங்க இருந்திருக்கு போல," என்று மூலையிலிருந்து மார்னியின் குரல் வந்தது. அவள் காலால் தூளை ஒதுக்கிக்கொண்டிருந்தாள். சிமெண்டுத் தரையில் நாலு போல்ட்டுகளின் மொட்டைத் தலைகள் சதுரமாகத் தெரிந்தன. "ரெண்டு தடவை தடுக்கிட்டேன். மூணாவது தடவைதான் துப்பறிஞ்சேன்."

வெல்டா குழாயை மூடினாள். "எமெட்டோட பழைய மெஷின். அதை வித்து ஏழு வருஷம் ஆச்சு. அவன் போயி அஞ்சு வருஷம்."

எமெட் அவள் கணவன். அந்தப் பெயரைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு ஷட்டர் இறங்கியதை மார்னி கவனித்தாள்.

கார்வின் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, தூளைத் தட்டாமலே உட்கார்ந்தார்.

"மேடம், அந்தப் பலகையில துரு ஒரு சாண் வழிஞ்சிருக்கு. மூணு வாரத்துல அப்படித் துரு வழியாது. வருஷக்கணக்கா அது வாசல்ல தொங்கியிருக்கு. அதாவது சங்கம் உங்ககிட்ட அசல்னு குடுத்ததே ஃபோம்தான். இது ஷெரிஃபுக்குத் தெரியாம இருக்கலாம். முப்பது வருஷமா பலகை செய்யற உங்களுக்குத் தெரியாதா? அஞ்சடி ஓக் பலகையைத் தூக்கினா முதுகு ஒடியும். இதை நீங்க ஒரு கையால தூக்கியிருப்பீங்க. தூக்கின அந்த நிமிஷமே தெரிஞ்சிருக்கும். 'இது மரமே இல்ல'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இந்த வழக்கே கிடையாது. ஏன் சொல்லல?"

வெல்டா பிரஷ்ஷைத் துணியில் துடைத்தாள்.

"பின்பக்கம் மூலையில, கட்டைவிரல் அளவுக்குப் புது பெயின்ட். அதுக்கு அடியில என்ன இருக்கு?"

அவள் மெஷின் விளிம்பில் சாய்ந்தாள். "ஒரு பொடி மீன்," என்றாள். "எமெட் எது செஞ்சாலும் பின்னால ஒரு பொடி மீன் கீறுவான். அது அவன் கையெழுத்து. பலகையைத் திருப்பினேன், அது என்னைப் பாத்துச்சு. உடனே அது மேல பெயின்ட் அடிச்சுட்டேன்."

"அவரு அசலை வித்துட்டு ஃபோமை மாட்டிட்டார்னு நெனச்சீங்க."

"நான் என்ன நெனைக்கறது? ஏழு வருஷத்துக்கு முன்னால இந்தப் பெரிய மெஷின் வந்து எறங்குச்சு. படகை வித்தேன், பழைய மெஷினை வித்தேன்னு சொன்னான். நானும் நம்பினேன்." அவள் குரல் உயர்ந்தது. "இந்த ஊர்ல எல்லாரும் அவனை நம்பினாங்க சார். செத்தவனைத் திருடன்னு சொல்ல விடமாட்டேன். என்னைச் சொல்லட்டும். எனக்கு வாய் இருக்கு, நான் தாங்குவேன்."

மார்னிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கையிலிருந்த ஆல்டனின் புத்தகத்தைப் புரட்டினாள். பின்னட்டையில் ஆல்டன் அதே தொப்பியோடு சிரித்துக்கொண்டிருந்தார். முன்னட்டைக்குத் திரும்பினாள்.

"அட, ஃபோட்டோவுலயும் மூணாவது மீனுக்கு முதுகு கறுத்திருக்கு," என்றாள். "அப்ப அசல்லயே அந்தப் பள்ளம் இருந்திருக்குமோ?"

"காட்டு," என்றாள் வெல்டா.

அவள் அந்த அட்டையை இதற்குமுன் பார்த்ததே இல்லை என்பது தெரிந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துச் சாய்த்தாள், மறுபடி சாய்த்தாள். விரலால் அந்தக் கறுப்பின் ஓரத்தைத் தடவினாள்.

"இது பள்ளம் இல்ல," என்றாள். "இது நிழல்."

"நிழலா?"

"ஃபோட்டோ எடுத்தவனோட நிழல். பின்னால வெயில் இருந்திருக்கு." வார்த்தைகள் முட்டிமோதிக்கொண்டு வந்தன. "சாமானை நேர்ல வெச்சு வெட்டினா மெஷின் உள்ளதை உள்ளபடி வெட்டும். வெறும் ஃபோட்டோவைக் குடுத்தா அதுக்கு மேடும் பள்ளமும் எப்படித் தெரியும்? வெளுப்பா இருந்தா மேடு, கறுப்பா இருந்தா பள்ளம். அவ்வளவுதான் அதுக்கு அறிவு. நிழலையும் பள்ளம்னு நெனச்சுத் தோண்டிடும். நான் எமெட் செஞ்சதை அளவெடுத்துத்தான் என் நகலை வெட்டினேன். அதான் என்னுதுலயும் வந்திருக்கு."

கார்வின் ஸ்டூலிலிருந்து எழுந்தார். "அப்ப உங்க வீட்டுக்காரர் இந்தப் பலகையை ஒரு ஃபோட்டோவைப் பாத்துச் செஞ்சிருக்கார்."

"ஆமா."

"அசலைத் திருடினவன் அதைக் கையில வெச்சுக்கிட்டு, எதுக்கு ஃபோட்டோவைப் பாத்து நகல் செய்யறான்?"

வெல்டா மெல்ல உட்கார்ந்தாள்.

"எமெட் வேலையைத் தொடங்கறப்போ அசல் இல்ல," என்றார் கார்வின். "அது முன்னாலயே போயிடுச்சு. போக்கினவன் அவர்கிட்ட ஓடி வந்திருக்கான், கையில ஃபோட்டோவோட. ஒரு உண்மையைச் சொல்லிடறேன் மேடம். ஒரு நிமிஷம் முன்னால வரைக்கும் நானும் உங்க வீட்டுக்காரர்தான் திருடன்னு நெனச்சேன். மன்னிக்கணும்."

"பாஸ் மன்னிப்புக் கேட்டு நான் பாத்ததே இல்ல," என்றாள் மார்னி. "ஃபிரேம் போட்டு மாட்டணும்." பிறகு அட்டைப்படத்தை மூக்குக்கு அருகே கொண்டுபோனாள். "ஆனா நிழல்னா மனுஷன் மாதிரி இல்லையே. கவுத்த சட்டி மாதிரி இருக்கு. சட்டிக்கு விளிம்பு. விளிம்புக்கு மேல நெட்டையா ஒரு கீத்து..."

அவள் புத்தகத்தைத் திருப்பிப் பின்னட்டையைப் பார்த்தாள். மறுபடி முன்னட்டை. மறுபடி பின்னட்டை.

"அட, சிறகு!" என்றாள்.

வெல்டாவிடமிருந்து ஒரு விநோதச் சத்தம் வந்தது. விக்கலா சிரிப்பா என்று தெரியவில்லை. "ஒரு கோடு பிசகினாலும் பாளத்தையே தூக்கிப் போடறவன் எமெட். நிழலை அழிக்க அவனுக்கு அஞ்சு நிமிஷம் போதும். தெரிஞ்சேதான் விட்டிருக்கான், படவா!"

மணி மூன்றரைக்கு அவர்கள் மூவரும் சங்கக் கட்டடத்துக்குள் நுழைந்தார்கள். ஆல்டன் கண்ணாடிப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். வெல்டாவைப் பார்த்ததும் கைத்துணி நின்றது.

"மிஸ்டர் குவின்ட், ஒரு சின்ன உதவி," என்றாள் மார்னி. "உங்க தொப்பியை ஒரு நிமிஷம் தர்றீங்களா?"

"எதுக்கு?"

"ஒரு மீனுக்குத் தலை குளிருதாம்."

அவர் மறுக்குமுன் தொப்பி அவள் கைக்கு வந்துவிட்டது. மேஜை மேல் குப்புறக் கிடந்த பலகையை மல்லாத்தி, மூன்றாவது மீனின் முதுகில் தொப்பியைப் பக்கவாட்டில் படுக்கவைத்தாள். விளிம்பு விளிம்போடு பொருந்தியது. உச்சி உச்சியோடு பொருந்தியது. சிறகைக் கொஞ்சம் நிமிர்த்தினாள். அது அந்த ஒல்லிக் கீற்றுக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.

ஆல்டன் அதைப் பார்த்தார். வழுக்கைத் தலை மெல்லச் சிவந்தது.

"ஏணி மேல நின்னு எடுத்த ஃபோட்டோவுல உங்க நிழலும் விழுந்திருக்கு," என்றார் கார்வின். "அந்த ஃபோட்டோவை எமெட்கிட்ட கொண்டுபோனது நீங்க. எட்டு வருஷத்துக்கு முன்னால. அசல் என்ன ஆச்சு?"

ஆல்டன் பக்கத்திலிருந்த நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"எரிஞ்சுபோச்சு."

"எப்படி?"

"மெருகு போடலாம்னு என் ஏரிக்கரைக் குடிலுக்கு எடுத்துட்டுப் போனேன். விறகுக் குவியல் மேல சாத்தி வெச்சிட்டு எண்ணெய் வாங்கக் கடைக்குப் போனேன். முக்கால் மணி நேரந்தான்." வழுக்கையைத் தடவிக்கொண்டார். "என் மச்சினன் வந்திருந்தான். மீனைப் புகையில வாட்ட நல்ல காஞ்ச ஓக் தேடியிருக்கான். பலகை சரிஞ்சு குப்புறக் கிடந்துச்சாம். கோடாலியால நாலு போடு."

"மூணு மீன் பலகையில மீன் சுட்டீங்களா?" என்றாள் மார்னி.

"நான் திரும்பி வர்றப்போ தட்டுல வெச்சுக் குடுத்தான். பாதி தின்னதுக்கு அப்புறம்தான் எனக்குத் தெரிஞ்சது." ஆல்டன் முகத்தைக் கைகளால் மூடினார். "ருசியா வேற இருந்துச்சு."

கார்வின் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்குவதை மார்னி மரியாதைக்காகப் பார்க்காத மாதிரி இருந்தாள்.

வெல்டா சிரிக்கவில்லை. "அதைச் சொல்லித் தொலைச்சிருக்கலாமே ஆல்டன். என் பேரை ஏன் இழுத்தே?"

"ஆறு பேரு பாத்துக்கிட்டு நிக்கறாங்க. மஞ்சத் தூள் கொட்டுது. எல்லாரும் என் மூஞ்சியைப் பாக்கறாங்க. உன் பேரு வாய்ல வந்துடுச்சு வெல்டா. வந்ததுக்கு அப்புறம் அதை முழுங்க முடியல. ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லிடலாம்னு நெனச்சேன்."

"மூணு வாரம் என்னைப் பாத்து ஜனங்க தெருவோட அந்தப் பக்கம் போனாங்க."

"தெரியும். நானும் போனேன்," என்றார் அவர், தரையைப் பார்த்து.

வெளியே கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. ஷெரிஃப். நாலு மணிக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

"நீங்க சொல்றீங்களா, நாங்க சொல்லணுமா?" என்று கேட்டார் கார்வின்.

ஆல்டன் எழுந்தார். தொப்பிக்குக் கை நீட்டினார், பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டு, வெறுந்தலையோடு வாசலுக்குப் போனார். கதவு திறந்தே இருந்தது. முதலில் அவர் முனகுவது கேட்டது. கடைசியில் ஷெரிஃபின் கனத்த குரல்: "அந்த மீனைச் சாப்பிட்டீங்களா?"

அரை மணி நேரத்தில் ஷெரிஃப் நோட்டை மடித்து வைத்து, வெல்டாவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். வழக்கு இல்லை. அன்று இரவே சங்கத்தைக் கூட்டி எல்லார் முன்னாலும் சொல்வதாகவும், தலைவர் பதவியை விட்டுவிடுவதாகவும் ஆல்டன் எழுதிக் கொடுத்திருந்தார்.

வெல்டா பலகையைத் திருப்பிப் போட்டு, ஆல்டனின் பேனாக்கத்தியால் மூலையிலிருந்த புதுப் பெயின்டைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். மெதுவாக, கீறல் விழாமல். பெயின்டுக்கு அடியிலிருந்து ஒரு பொடி வால் எட்டிப்பார்த்தது.

"எமெட் உன்கிட்ட பணம் வாங்கினானா?" என்று ஆல்டனைக் கேட்டாள், நிமிராமல்.

"ஒரு காசு வாங்கல. 'ஊர்ப் பலகை, ஊருக்குச் செய்யறேன்'னான். ராத்திரி பகலா ஒரு வாரம் உக்காந்தான்."

"எட்டு வருஷத்துக்கு முன்னால ஒரு வாரம்... எங்க அம்மாவுக்கு இடுப்பெலும்பு ஒடிஞ்சு நான் அங்க போயிருந்தேன்." அவள் சுரண்டுவதை நிறுத்தினாள். "திரும்பி வந்ததும் ஏன் என்கிட்ட சொல்லல? அஞ்சு வருஷமா அவன் இல்ல. அதுக்கு முன்னால மூணு வருஷம் ஒரே மேஜையில சாப்பிட்டோம். ஒரு தடவைகூட வாயைத் தொறக்கலியே."

ஆல்டன் தயங்கினார். "நான்தான் கேட்டுக்கிட்டேன், யார்கிட்டயும் சொல்லாதேன்னு. 'வெல்டாகிட்ட கூடவா?'ன்னு சிரிச்சான்."

"அப்புறம்?"

"'அவகிட்ட சொன்னா அவ்வளவுதான் ஆல்டன், அவளுக்குப் பொய் சொல்லவே வராது, ஷெரிஃப் ஹலோன்னு சொன்னாலே கொட்டிடுவா'ன்னான்."

வெல்டா கத்தியைக் கீழே வைத்தாள். முழுசாக வெளியே வந்துவிட்ட அந்தப் பொடி மீனின் மேல் கட்டைவிரலை வைத்தாள். அவள் கண்ணிலிருந்து நீர் வழிந்து மூக்கின் ஓரமாக இறங்கியது. அதே நேரத்தில் அவள் சிரித்துக்கொண்டும் இருந்தாள்.

"மூணு வாரம்டா," என்றாள் பலகையிடம். "ஷெரிஃப் மூஞ்சிக்கு நேரா, கண்ணைக்கூட சிமிட்டாம பொய் சொன்னேன் எமெட். பாத்தியா நீ?"